ரயில்ல சர்வீஸ் எப்படி நடக்குது? தண்ணி, டாய்லெட், சாப்பாடு, கம்பளி பத்தி ஒரு எளிய விளக்கம்

லாங் டிஸ்டன்ஸ் ட்ரெயின்ல போயிட்டு வந்தவங்ககிட்ட பயணம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா பெரும்பாலும் இந்த நாலுல ஒண்ணைத்தான் சொல்வாங்க, டாய்லெட் பக்கமே போக முடியல, பாதி வழியில தண்ணி நின்னு போச்சு, சாப்பாடு வாய்ல வைக்க முடியல, போர்வைல ஒரு வாடை. திட்டு யாருக்கு விழும்னா கோச்சுல நிக்கிற அட்டெண்டருக்கும் சாப்பாடு தூக்கிட்டு வர்ற பையனுக்கும்தான். ஆனா இந்த நாலுல எதையுமே அவங்க முடிவு பண்றதில்ல. ட்ரெயினுக்குள்ள நமக்கு கிடைக்கிற சர்வீஸ்ல முக்கால்வாசி வண்டி பிளாட்ஃபாரத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே, யார்டுல, கிச்சன்ல, சலவை கூடத்துல, டெண்டர் பேப்பர்ல முடிவாயிடுது. இது புரிஞ்சா எதை சரி பண்ணினா உண்மையிலேயே நல்லாகும்னும் தெரியும், நாம எங்க எதை கேட்கணும்னும் தெரியும்.

உதாரணத்துக்கு திப்ருகர் – கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸை எடுத்துக்கலாம். இந்தியாவுலேயே அதிக தூரம் ஓடுற ட்ரெயின் இதுதான், சுமார் 4,200 கிலோமீட்டர், அஸ்ஸாம்ல கிளம்பி ஒன்பது மாநிலத்தை தொட்டுட்டு வந்து சேர 70 மணி நேரத்துக்கு மேல ஆகும். கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் வேலைக்கு வர்ற வங்காள, அஸ்ஸாம் தொழிலாளிங்க, வேலூர் ஆஸ்பத்திரிக்காக காட்பாடியில இறங்குற நோயாளிங்க, அவங்க கூட வர்ற வயசான அம்மா அப்பா, இவங்கதான் இதுல நிறைய. மூணு ராத்திரி ஒரே பெட்டிக்குள்ள. டூரிஸ்ட் மாதிரி ஒரு ராத்திரி பல்லை கடிச்சுட்டு போயிடலாம்னு இவங்களால நினைக்க முடியாது, அவங்களுக்கு அந்த கோச் மூணு நாள் வீடு. அதனாலதான் இந்த விஷயத்தை வெறும் வசதி சம்பந்தப்பட்டதா பாக்க எனக்கு மனசு வரல, உடம்பு சரியில்லாத ஒருத்தருக்கு ஓடுற வண்டில சுத்தமான டாய்லெட்ங்கிறது மருந்து அளவுக்கு முக்கியம்.

முதல்ல வண்டிக்குள்ள யார் யார் வேலை பாக்குறாங்கன்னு தெரிஞ்சுக்கணும். டிக்கெட் பாக்குற டிடிஇ ரயில்வே ஊழியர், கமர்ஷியல் டிபார்ட்மெண்ட். கோச்சை கூட்டி துடைக்கிறவங்க ஓபிஎச்எஸ்னு சொல்ற ஆன் போர்டு ஹவுஸ்கீப்பிங் சர்வீஸ், அவங்க கான்ட்ராக்ட் கம்பெனி ஆளுங்க, அந்த கான்ட்ராக்டை பாத்துக்கிறது மெக்கானிக்கல் பக்கம். ஏசி கோச்சுல பெட்ஷீட் தர்ற அட்டெண்டரும் கான்ட்ராக்ட்தான், பல வண்டில அது வேற கம்பெனி. ஏசி, லைட், ஃபேனுக்கு எலக்ட்ரிக்கல் ஆளு. சாப்பாடு ஐஆர்சிடிசி கிட்ட லைசென்ஸ் எடுத்த இன்னொரு கம்பெனி. ஆக ஒரே வண்டில நாலஞ்சு முதலாளி, அதனால அட்டெண்டர்கிட்ட போய் சாப்பாடு சரியில்லைன்னு கத்தினா அவரால ஒண்ணுமே பண்ண முடியாது. இந்த குழப்பத்துக்கு ஒரு தீர்வா 2018-ல ரயில்வே, "ட்ரெயின் கேப்டன்"னு ஒருத்தரை நியமிக்க சொல்லுச்சு, வண்டில நடக்குற எல்லா சர்வீஸுக்கும் ஒரே ஆள் பொறுப்பு. ரொம்ப சரியான யோசனைன்னு நான் நினைக்கிறேன். ஆனா அது பேருக்கு இல்லாம வேலை செய்யணும்னா அந்த கேப்டன் சொன்னா கான்ட்ராக்ட் கம்பெனியோட பில்லுல அது தெரியணும், இல்லன்னா அவரும் சும்மா கேட்டுக்கிற ஆள்தான்.

இப்ப தண்ணிக்கு வருவோம், மத்த எல்லாத்துக்கும் ஆரம்பம் இதுதான். சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையோட பழைய வகை ஸ்லீப்பர் கோச்சை எடுத்துக்கிட்டா அதோட டேங்க் எல்லாம் சேர்த்து சுமார் 1,800 லிட்டர் பிடிக்கும். 72 பெர்த். வகுத்து பாருங்க, ஆளுக்கு 25 லிட்டர், முகம் கழுவ, கை கழுவ, ஃபிளஷ் பண்ண எல்லாத்துக்கும் சேர்த்து. அதுவும் 72 பேர் மட்டும் இருந்தா. நம்ம வண்டிங்கள்ல வெயிட்டிங் லிஸ்ட், ஏறி உக்காந்தவங்கன்னு எத்தனை பேர் இருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். அப்ப அரை நாள் ஓடறதுக்குள்ள டேங்க் காலி ஆகுறதுல ஆச்சரியம் இல்ல, வழியில நிரப்பியே ஆகணும்.

அந்த நிரப்புற வேலை எப்படி நடக்குதுன்னு ஒரு பெரிய ஜங்ஷன்ல வண்டி நிக்கும்போது எட்டி பாருங்க. ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பைப் லைன் ஓடும், ஒவ்வொரு கோச் நீளத்துக்கும் ஒரு வால்வு, அதுல ஒரு ரப்பர் ஹோஸ். ஒரு ஆள் ஓடி ஓடி ஒவ்வொரு கோச்சா ஹோஸை மாட்டிட்டே போவாரு, டேங்க் நிரம்பினா ஓவர்ஃப்ளோ ஆகி தண்ணி கீழ கொட்டும், அதை பாத்து கழட்டிட்டே திரும்பி வருவாரு. பிரஷர் கம்மியா இருந்தாலோ ஆள் கம்மியா இருந்தாலோ வண்டி லேட்டா வந்து பத்து நிமிஷம் நிக்க வேண்டிய இடத்துல மூணு நிமிஷத்துல கிளம்பினாலோ கடைசி நாலஞ்சு கோச்சுக்கு தண்ணி ஏறாது. உங்க கோச்சுல தண்ணி இல்ல, பக்கத்து கோச்சுல இருக்குன்னா காரணம் பெரும்பாலும் இதுதான். இதுக்காகத்தான் குயிக் வாட்டரிங்னு ஹை பிரஷர் பம்பு வெச்ச சிஸ்டம் கொண்டு வந்தாங்க, பழைய முறையில 24 கோச் வண்டிக்கு 20 நிமிஷம் ஆன வேலை இதுல 5 நிமிஷத்துல முடியும்னு ரயில்வே சொல்லுது. என்னை கேட்டா ரயில் சர்வீஸ்ல இதை விட பெரிய இம்ப்ரூவ்மெண்ட் வேற இல்ல, ஆனா இது யார் கண்ணுக்கும் தெரியாது, யாரும் ரிப்பன் வெட்டி போட்டோ எடுக்க மாட்டாங்க.

அடுத்து டாய்லெட். முன்னாடி எல்லாம் நேரா தண்டவாளத்துலதான் விழும், ஸ்டேஷன்ல நிக்கும்போது யூஸ் பண்ணாதீங்கன்னு போர்டு இருக்கும், ஞாபகம் இருக்கும். அதுல நாத்தம் மட்டும் பிரச்சனை இல்ல, தண்டவாளமும் கிளிப்பும் துரு பிடிச்சுது, கீழ இறங்கி தண்டவாளத்தை பராமரிக்கிற தொழிலாளிங்க அந்த அசிங்கத்துலதான் வேலை செய்ய வேண்டி இருந்துச்சு. இதை மாத்தத்தான் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவோட சேர்ந்து பயோ டாய்லெட் கொண்டு வந்தாங்க. டாய்லெட்டுக்கு அடியில ஒரு ஸ்டீல் டேங்க், அதுக்குள்ள காத்து இல்லாம வாழுற பாக்டீரியா, அது கழிவை தின்னு தண்ணியாவும் கேஸாவும் மாத்திடும், அந்த தண்ணி குளோரின் வழியா வெளிய போகும். நம்ம ராமேஸ்வரம் – மானாமதுரை 114 கிலோமீட்டர் பாதைதான் நாட்டுலேயே முதல் "கிரீன் காரிடார்", 2016 ஜூலைல அறிவிச்சாங்க, அந்த பாதையில ஓடுற எந்த வண்டியில இருந்தும் கழிவு தண்டவாளத்துல விழாதுன்னு அர்த்தம். அப்புறம் சில வருஷத்துல நாடு முழுக்க பயணிகள் கோச் எல்லாத்துலயும் மாட்டி முடிச்சுட்டாங்க.

ஆனா பழைய டாய்லெட்ல இல்லாத ஒரு தொல்லை இதுல இருக்கு. முன்னாடி எதை போட்டாலும் கீழ விழுந்துடும், இப்ப அடியில டேங்க் இருக்கு, அதுக்கு போற வழி குறுகலானது. தண்ணி பாட்டில், டீ கப், குட்கா பாக்கெட், குழந்தை டயப்பர், நாப்கின், துணி இதுல எது போனாலும் அடைச்சுக்கும். ஓடுற வண்டில அதை முழுசா கழட்டி சரி பண்ண முடியாது, கிளீனர் ஒரு கம்பியை வளைச்சு விட்டு இழுத்து பாப்பாரு, வந்தா வந்துச்சு, இல்லன்னா அந்த கதவை பூட்டிடுவாங்க. கோச்சுக்கு நாலு டாய்லெட், அதுல ஒண்ணு பூட்டினா மீதி மூணுல கூட்டம், அதுல தண்ணி வேற சீக்கிரம் தீரும், தண்ணி தீர்ந்தா ஃபிளஷ் ஆகாது, ஃபிளஷ் ஆகலன்னா அதுவும் அடைக்கும். மூணு நாள் வண்டில ரெண்டாவது நாள் மத்தியானத்துல ஆரம்பிக்கிற இந்த சங்கிலியை பாத்தவங்களுக்கு தெரியும் கடைசி ராத்திரி எப்படி இருக்கும்னு. அதனால டாய்லெட்டுக்குள்ளயே கைக்கு எட்டுற மாதிரி ஒரு மூடி போட்ட டஸ்ட்பின், அதை நிரம்ப நிரம்ப காலி பண்ண ஒரு ஆள், இது ரெண்டும் சின்ன விஷயமா தெரியலாம், ஆனா இது ரெண்டும் இருந்தாலே பாதி அடைப்பு நடக்காது. புது கோச்சுங்கள்ல பயோ வேக்குவம் டாய்லெட் வருது, விமானத்துல மாதிரி உறிஞ்சி எடுக்கும், தண்ணி ரொம்ப கம்மியா போதும், நாத்தமும் கம்மி.

சுத்தம் பண்றது மூணு இடத்துல நடக்கும். கிளம்புற ஊர்ல பிட் லைன்ல, அதாவது நடுவுல குழி இருக்கிற பராமரிப்பு தண்டவாளத்துல, பல மணி நேரம் வண்டியை நிறுத்தி உள்ளயும் வெளியவும் கழுவுறது முதல் இடம். வழியில சில ஸ்டேஷன்ல கிளீன் ட்ரெயின் ஸ்டேஷன்னு ஒரு திட்டம், வண்டி நிக்கிற பத்து பதினஞ்சு நிமிஷத்துல மெஷினோட ஒரு டீம் ஏறி டாய்லெட்டும் நடைபாதையும் கழுவிட்டு இறங்கிடும். மூணாவது, வண்டியோடவே வர்ற ஓபிஎச்எஸ் ஆளுங்க. இதுல பிட் லைன் வேலைதான் அடிப்படை, அங்க அழுக்கோட கிளம்பின கோச்சை ஓடும்போது யாராலயும் மீட்க முடியாது. வண்டி ஆறு மணி நேரம் லேட்டா வந்து அதே வண்டி திரும்ப டைமுக்கு கிளம்பணும்னா எந்த நேரத்தை வெட்டுவாங்க? கழுவுற நேரத்தைத்தான். அதனால சுத்தத்துக்கும் நேரத்துக்கு ஓடறதுக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு, ஒரு ஸ்பேர் ரேக் அதாவது மாத்து வண்டி கையில வெச்சிருந்தா இந்த பிரச்சனை பாதி தீரும்.

சாப்பாடு கொஞ்சம் பெரிய கதை. 1999-ல ஐஆர்சிடிசி ஆரம்பிச்சாங்க, 2005-ல கேட்டரிங் அவங்க கைக்கு போச்சு, 2010-ல திரும்ப ரயில்வே மண்டலங்கள் கைக்கு வந்துச்சு, 2017-ல மறுபடி ஐஆர்சிடிசிக்கே போச்சு. இப்படி கை மாறிட்டே இருந்தா யார் முதலீடு பண்ணி நல்ல கிச்சன் கட்டுவாங்க? அதே 2017-ல அரசு கணக்கை தணிக்கை பண்ற சிஏஜி ஒரு ரிப்போர்ட் வெச்சாங்க, 74 ஸ்டேஷன், 80 ட்ரெயின்ல போய் பாத்து எழுதினது, டீ காபிக்கு சுத்திகரிக்காத குழாய் தண்ணி, மூடாத குப்பை தொட்டி, வண்டியோட சமையல் பெட்டியான பேன்ட்ரில எலி, கரப்பான்னு எல்லாம் வெளிப்படையா சொல்லியிருந்தாங்க. அந்த வருஷம் வந்த புது பாலிசியோட முக்கிய கருத்து என்னன்னா சமைக்கிறதையும் பரிமாறுறதையும் பிரிக்கிறது. ஓடுற வண்டியோட குறுகலான பேன்ட்ரில ஆயிரம் பேருக்கு சமைக்காம, வண்டிக்கு வெளிய இருக்கிற பேஸ் கிச்சன்ல சமைச்சு, வழியில ஏத்தி, பேன்ட்ரில சூடா வெச்சு கொடுக்குறது.

இதுல பாதுகாப்பும் இருக்கு. ரயில் பெட்டிக்குள்ள நெருப்பு வெச்சு சமைக்கிறது எவ்வளவு ஆபத்துன்னு 2023 ஆகஸ்ட்ல மதுரையில பாத்தோம், நிறுத்தி வெச்சிருந்த ஒரு தனியார் டூரிஸ்ட் கோச்சுல சட்டவிரோதமா கொண்டு வந்த கேஸ் சிலிண்டரால தீ பிடிச்சு 9 பேர் இறந்து போனாங்க. அதனால முன்னாடி மாதிரி பேன்ட்ரில ஆவி பறக்க சமைச்சு கொடுக்கணும்னு கேக்குறவங்களுக்கு என் பதில், அது திரும்ப வர வேண்டாம்ங்கிறதுதான். நாம கேட்க வேண்டியது பேஸ் கிச்சன் எத்தனை கிலோமீட்டருக்கு ஒண்ணு இருக்கு, சமைச்ச நேரம் பாக்கெட் மேல இருக்கா, வண்டி லேட்டானா அந்த சாப்பாட்டை என்ன பண்றாங்க, இந்த மூணும்தான். மத்தியானம் ஒரு மணிக்கு வர வேண்டிய வண்டி நாலு மணிக்கு வந்தா பன்னெண்டு மணிக்கு பேக் பண்ணின சாம்பார் சாதம் அலுமினியம் டப்பாவுக்குள்ள என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சு பாருங்க.

விலையும் அளவும் ரயில்வே நிர்ணயம் பண்ணினதுதான், மெயில் எக்ஸ்பிரஸ்ல சாதாரண வெஜ் மீல்ஸ் 80 ரூபா, அதுல சாதம் இத்தனை கிராம், பருப்பு இத்தனை கிராம், தயிர் இத்தனை கிராம்னு கூட எழுதி இருக்கும். ரயில் நீர் ஒரு லிட்டர் ரொம்ப நாள் 15 ரூபா இருந்துச்சு, 2025 செப்டம்பர் 22-ல இருந்து 14. அப்ப ஏன் 20 கேக்குறாங்க? விக்கிற பையன் வாங்குற சம்பளம் பல இடத்துல கமிஷன்தான், அவனுக்கு மேல இருக்கிற கம்பெனி அதிக லைசென்ஸ் ஃபீ கட்டி ஏலம் எடுத்திருக்கும், அந்த பணம் கடைசில நம்ம தட்டுல இருந்தோ பாக்கெட்ல இருந்தோதான் வரணும். யார் அதிக பணம் தர்றாங்களோ அவங்களுக்கே லைசென்ஸ்னு இருக்கிற வரைக்கும் பருப்பு தண்ணியாத்தான் இருக்கும்னு நான் உறுதியா நம்புறேன். பில் கேட்கிறது நம்ம கையில இருக்கிற ஒரு ஆயுதம், "பில் இல்லையா, சாப்பாடு இலவசம்"னு ரயில்வேயே அறிவிச்சிருக்கு, விக்கிறவங்க கையில பில் போடுற பிஓஎஸ் மெஷினும் கொடுத்திருக்காங்க. பேன்ட்ரி பிடிக்கலைன்னா ஐஆர்சிடிசி ஈ-கேட்டரிங்ல பிஎன்ஆர் போட்டு வழியில வர்ற ஸ்டேஷன் ஹோட்டல்ல இருந்து சீட்டுக்கே வரவழைக்கலாம், பெரிய ஸ்டேஷன்ல நல்லா வேலை செய்யுது.

ஏசி கோச்சுல தர்ற படுக்கை செட்டுல ரெண்டு பெட்ஷீட், தலையணை, கம்பளி, சின்ன துண்டு இருக்கும். பெட்ஷீட் ஒவ்வொரு தடவையும் துவைக்கணும், கம்பளி மாசத்துக்கு ஒரு தடவையாவது துவைக்கணும்ங்கிறதுதான் விதி. ரெண்டு பெட்ஷீட் ஏன்னா ஒண்ணு கீழ விரிக்க, இன்னொண்ணு கம்பளிக்கும் உடம்புக்கும் நடுவுல போட்டுக்க, கம்பளியை நேரா போத்திக்காதீங்க. 2025 அக்டோபர்ல ஜெய்ப்பூர் – அசர்வா வண்டில கம்பளிக்கு துவைக்கக்கூடிய உறை போட்டு சோதனை ஆரம்பிச்சாங்க, இது எல்லா வண்டிக்கும் வரணும். ஸ்லீப்பர்காரங்களுக்கு இத்தனை வருஷமா ஒண்ணுமே இல்ல, இப்ப சென்னை கோட்டம் 2026 ஜனவரி 1-ல இருந்து 10 வண்டில காசு கொடுத்தா பெட்ஷீட், தலையணை தர்றதா அறிவிச்சுது, ரெண்டும் சேர்த்து 50 ரூபா, பெட்ஷீட் மட்டும்னா 20.

சரி, பிரச்சனை வந்தா என்ன பண்றது? 139-க்கு போன் பண்ணுங்க, இல்லன்னா ரயில் மதத் ஆப்ல போடுங்க. பிஎன்ஆர், கோச் நம்பர், என்ன பிரச்சனை, ஒரு போட்டோ, அவ்வளவுதான். "சர்வீஸ் மோசம்"னு எழுதினா எந்த டிபார்ட்மெண்டுக்கு அனுப்பணும்னே தெரியாது, "எஸ்4 கோச், பின்பக்கம் இடது டாய்லெட் அடைச்சிருக்கு, தண்ணி இருக்கு"ன்னு எழுதினா கண்ட்ரோல் ரூம்ல இருந்து வண்டில இருக்கிற ஆளுக்கோ அடுத்த பெரிய ஸ்டேஷனுக்கோ நேரா போகும். பெரிய ஸ்டேஷன் வர ஒரு மணி நேரம் முன்னாடி போடுங்க, தாண்டின அப்புறம் போட்டா அடுத்த ஜங்ஷன் வரைக்கும் காத்திருக்கணும். வேலை முடியாம "முடிஞ்சுது"ன்னு மெசேஜ் வந்தா ஃபீட்பேக்ல சரியாகலைன்னு கண்டிப்பா போடுங்க, அந்த மார்க்கை வெச்சுத்தான் கம்பெனிக்கு அபராதம் போட முடியும்.

கம்பெனிக்குன்னு சொன்னேன், தொழிலாளிக்கு இல்ல. துடைக்கிற வேலை செய்றவங்க எங்க தூங்குறாங்கன்னு ஒரு ராத்திரி கவனிச்சு பாருங்க, வாஷ்பேசின் பக்கத்துல, ரெண்டு கோச் சேர்ற இடத்துல, அழுக்கு பெட்ஷீட் மூட்டை மேல. போக மூணு நாள், வர மூணு நாள், ஒரு ஆளுக்கு பல கோச். கம்மி விலை சொன்னவனுக்கே டெண்டர்னா அவன் ஆளை குறைச்சுத்தான் லாபம் பாப்பான். எத்தனை கோச்சுக்கு எத்தனை பேர், எத்தனை மணி நேரத்துக்கு அப்புறம் ஓய்வு, அவங்களுக்கு ஒரு பெர்த், கையுறை, சம்பளம் நேரா பேங்க்ல, இதை எல்லாம் டெண்டர்லயே கட்டாயமா எழுதி சோதிக்காம சிரிச்ச முகத்தோட சர்வீஸ் பண்ண ட்ரெயினிங் கொடுக்கிறதுல பிரயோஜனமே இல்ல.

கடைசியா ஜெனரல் கோச். மேல சொன்னதுல பெரும்பாலானது ரிசர்வ்டு கோச்சோட நின்னுடும், ஜெனரல்ல நடைபாதையிலயும் டாய்லெட் வாசல்லயும் ஆள் உக்காந்திருக்கும்போது கிளீனரால உள்ள நுழையவே முடியாது, பேன்ட்ரி ஆளும் வர மாட்டாரு. 2023-ல ஆரம்பிச்ச அம்ரித் பாரத் வண்டிங்க ஏசி இல்லாத கோச்சை மட்டும் வெச்சே நல்ல சீட், சார்ஜிங் பாயிண்ட்னு செஞ்சு காட்டியிருக்கு, அது நல்ல ஆரம்பம். இந்த மக்களுக்கு சர்வீஸை பிளாட்ஃபாரத்துல வெச்சுத்தான் கொடுக்க முடியும். ஜெனரல் கோச் நிக்கிற இடத்துக்கு நேரா 20 ரூபா எகானமி சாப்பாடு கவுண்டர் போடுற திட்டம் 2023-ல இருந்து நடக்குது, பூரியும் கிழங்கும், பக்கத்துலேயே குறைஞ்ச விலையில சின்ன கப்புல தண்ணி. இறங்கினா இடம் போயிடும்னு பயந்து ஜன்னல் வழியா கை நீட்டுறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவின்னு சொல்ல வேண்டியதில்ல. அதை எல்லா ஜங்ஷனுக்கும் கொண்டு வரணும், ராத்திரி வண்டிக்கும் திறந்து வெக்கணும், கிளீன் ட்ரெயின் டீம் ஏறும்போது முதல்ல வண்டியோட ரெண்டு முனையிலயும் இருக்கிற இந்த ஜெனரல் கோச்சுல ஏறணும்னு ஆர்டர் போடணும், தண்ணி ஹோஸ் மாட்டுற ஆளும் அங்க இருந்தே ஆரம்பிக்கணும்.